எலக்ட்ரானை எந்த அணுவும் சும்மா விட்டுக்கொடுக்காது

இந்த வாட்டி கேள்வி-பதில் பகுதிக்கு வந்ததுல பாதிக்கு மேல அயனி (எலக்ட்ரான் கூடியோ குறைஞ்சோ மின்சுமை வந்த அணு) பத்தின கேள்விகள்தான். ஸ்கூல் பசங்க, அவங்க அம்மா அப்பா, பிளட் ரிப்போர்ட்டை கையில வெச்சுக்கிட்டு குழம்புறவங்கனு எல்லாரும் அதையே கேட்டிருக்காங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு முழுப் பகுதியையும் அயனிக்கே விட்டாச்சு.

கேள்வி: சார், சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தா பாசிட்டிவ் அயனி ஆகுதுன்னு புக்ல இருக்கு. ஒண்ணு குறைஞ்சா மைனஸ்தானே வரணும், பிளஸ் எப்படி வருது? (ஸ்கூல் மாணவி)

ரொம்ப நியாயமான கேள்விம்மா, கேட்க கூச்சப்பட்டுக்கிட்டே காலேஜ் வரைக்கும் போறவங்க நிறைய பேர் இருக்காங்க. அந்த பிளஸ், மைனஸ் எலக்ட்ரானோட எண்ணிக்கையை சொல்லல, மொத்த மின்சுமையை சொல்லுது, அவ்வளவுதான் விஷயம். சோடியத்தோட உட்கருல 11 புரோட்டான், அதாவது 11 பிளஸ். வெளிய 11 எலக்ட்ரான், 11 மைனஸ். கூட்டினா ஜீரோ. ஒரு எலக்ட்ரான் கழண்டு போனா 11 பிளஸ், 10 மைனஸ், மிச்சம் ஒரு பிளஸ். மைனஸ் ஒண்ணு வெளிய போனதாலதான் பிளஸ் மிஞ்சுது. குளோரின் இதுக்கு நேர் எதிர், அதுக்கு 17 புரோட்டான், வெளியில இருந்து ஒரு எலக்ட்ரான் வந்து சேர்ந்தா 18 மைனஸ், ஆக ஒரு மைனஸ் கூடுதல்.

இதுல புரோட்டான் பக்கம் யாரும் போகவே இல்லைங்கிறதை கவனிங்க. புரோட்டான் எண்ணிக்கை மாறினா அது சோடியமே இல்ல, வேற தனிமம் ஆயிடும். அதனால அயனி ஆகுறதுன்னாலே எலக்ட்ரான் கணக்கு மட்டும்தான் மாறுது.

இந்தக் குழப்பத்துக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஒரு காரணம். 1740-கள்ல அவர்தான் ஒரு பக்கத்துக்கு பிளஸ், இன்னொரு பக்கத்துக்கு மைனஸ்னு பேர் வெச்சார், அப்போ எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஜே.ஜே. தாம்சன் 1897-ல எலக்ட்ரானை அடையாளம் கண்டப்போ அது மைனஸ் பக்கத்துல போய் விழுந்துடுச்சு. ஃபிராங்க்ளின் மாத்தி வெச்சிருந்தா உனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி: சோடியம் எலக்ட்ரானை கொடுக்க ஆசைப்படுது, குளோரின் வாங்க ஆசைப்படுது, ரெண்டும் 8 எலக்ட்ரான் வந்ததும் நிம்மதி ஆயிடுதுன்னு என் பையனுக்கு சொல்லிக்கொடுத்திருக்காங்க. அணுவுக்கு ஏதுங்க ஆசை? உண்மையில என்ன நடக்குது? (ஒரு அப்பா)

உங்க சந்தேகம் சரிதாங்க. ஆசையும் இல்ல நிம்மதியும் இல்ல. இன்னும் சொல்லப்போனா சோடியம் எலக்ட்ரானை கொடுக்கத் தயாரா இருக்குங்கிறதே தப்பான பேச்சு. எந்த அணுவும், நல்லா கவனிங்க, எந்த அணுவும் ஒரு எலக்ட்ரானை தானா விட்டுக்கொடுக்காது, வெளியில இருந்து ஆற்றல் செலவு பண்ணி பிடுங்கித்தான் ஆகணும். அந்தச் செலவுக்கு அயனியாக்கும் ஆற்றல்னு பேர். எல்லா தனிமத்துலயும் ரொம்ப சுலபமா விடுறது சீசியம்னு சொல்லுவாங்க, அதுக்கே ஒரு மோலுக்கு (அணுக்களை மொத்தமா எண்ணுற ஒரு அளவு) 376 கிலோஜூல் வேணும். சோடியத்துக்கு 496. ஹீலியத்துக்கு 2,372.

அப்போ குளோரின் அதை வாங்கும்போது லாபம் வருமேன்னு கேட்பீங்க. வரும், 349 கிலோஜூல் வரும். ஆனா 496 செலவு பண்ணி 349 வாங்கினா 147 நஷ்டம்தானே? தனித்தனியா தூரத்துல மிதக்குற ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் இருந்தா, எலக்ட்ரான் கை மாறுறதுல எந்த லாபமும் கிடையாது, அது மாறவும் மாறாது. ஆசைக் கதையில இந்த இடத்தை சத்தமில்லாம தாண்டிடுறாங்க.

நஷ்டத்தை ஈடுகட்டுறது அதுக்கு அப்புறம் நடக்குற ஒரு வேலை. பிளஸ்ஸும் மைனஸும் பக்கத்துல வந்து ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும், அதுவும் ஜோடி ஜோடியா இல்ல, உப்புப் படிகத்துல ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுத்தி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுத்தி 6 சோடியம், இப்படி முடிவே இல்லாம அடுக்கு. அந்த அடுக்கு உருவாகும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிய வருது. இதுக்குப் படிகக்கூடு ஆற்றல்னு பேர்.

இப்போ முழு வரவு-செலவையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடுவோம், பையனை பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டே போடுங்க. சோடியம் உலோகமா இருக்கு, அதை தனித்தனி அணுவா ஆவியாக்க 107. குளோரின் ரெண்டு ரெண்டு அணுவா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு மோல் குளோரின் அணு கிடைக்க அந்தப் பிணைப்பை உடைக்கணும், அதுக்கு 121. சோடியத்துல இருந்து எலக்ட்ரானை பிடுங்க 496. மொத்த செலவு 724. வரவு பக்கம் குளோரின் எலக்ட்ரானை வாங்கினதுல 349, படிகம் அடுக்குனதுல 787, ஆக 1,136. கழிச்சா 412 கிலோஜூல் மிச்சம். சோடியத்தையும் குளோரினையும் நிஜமாவே சேர்த்து, வெளிய வர்ற வெப்பத்தை அளந்து பார்த்தா 411 வருது! இப்படி வரவு-செலவு போடுற முறையை 1919-ல மாக்ஸ் போர்ன், ஃபிரிட்ஸ் ஹேபர்ங்கிற விஞ்ஞானிகள் ரெண்டு பேரும் கொண்டுவந்தாங்க, அதனாலதான் இதுக்கு போர்ன்-ஹேபர் சுற்றுனு பேர்.

அந்த 8-ங்கிற விதி பொய்யான்னா, பொய் இல்ல, ஆனா அது விளைவு, காரணம் இல்ல. உட்கருவைச் சுத்தி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்கா இருக்கும், ஒவ்வொரு அடுக்குக்கும் கூடுன்னு பேர்; சோடியத்தோட கடைசி எலக்ட்ரான் மூணாவது கூட்டுல தனியா இருக்கு, நடுவுல இருக்குற 10 எலக்ட்ரான் உட்கருவோட இழுப்பை மறைச்சிடுது, அதனால 11 பிளஸ் இருந்தும் அந்த எலக்ட்ரான் உணர்றது சுமார் 2-ல இருந்து 2.5 பிளஸ்தான். அதுக்கு உள்கூட்டுல இருக்குற எலக்ட்ரான் உணர்றது கிட்டத்தட்ட 7. அதனால முதல் எலக்ட்ரானை எடுக்க 496 போதும், ரெண்டாவதை எடுக்க 4,562 ஆகுது. ஒரே அடியா 9 மடங்கு! இவ்வளவு பெரிய செலவை எந்தப் படிகமும் ஈடுகட்ட முடியாது, அதனால சோடியம் ஒண்ணோட நிக்குது. வெளிய இருந்து எண்ணிப் பார்க்குற நமக்கு அந்த இடத்துல 8 தெரியுது, அவ்வளவுதான்.

குளோரின் பக்கமும் இதே கதைதான். புதுசா வர்ற எலக்ட்ரான் அதே மூணாவது கூட்டுல உட்காருது, அந்தக் கூட்டுல இருக்குறதுக சுமார் 6 பிளஸ் இழுப்பை உணருது, அதனால பிடிச்சுக்குது. அதுக்கு அடுத்த ஆர்கானுக்கு ஒரு எலக்ட்ரானை கொடுத்துப் பாருங்க, அது நாலாவது கூட்டுக்குத்தான் போகணும், அங்க போனா உள்ள இருக்குற 18 எலக்ட்ரானும் உட்கருவை மறைச்சிடும், பிடிப்பே இருக்காது.

கேள்வி: அப்போ மெக்னீசியம் ஏன் ரெண்டு விடுது, அலுமினியம் மூணு விடுது? ஒண்ணோட நிறுத்தினா செலவு கம்மிதானே?

செலவு கம்மிதான், ஆனா வரவும் சேர்ந்து கம்மியாயிடும். மெக்னீசியத்துக்கு முதல் எலக்ட்ரான் 738, ரெண்டாவது 1,451, மூணாவது 7,733. அலுமினியத்துக்கு வரிசையா 578, 1,817, 2,745, நாலாவதுக்கு 11,577. அந்த எகிறல் எங்க வருதுன்னு பாருங்க, மெக்னீசியத்துல ரெண்டுக்கு அப்புறம், அலுமினியத்துல மூணுக்கு அப்புறம். உள்கூடு ஆரம்பிக்குற இடம் அது.

ஆனா எகிறலுக்கு முன்னாடியே நிறுத்தாம ஏன் அதுவரைக்கும் போகணும்? ஏன்னா ரெண்டு பிளஸ் இருக்குற அயனி, ஒரு பிளஸ் இருக்குறதைவிட சின்னதா இருக்கும், சுத்தி இருக்குற மைனஸை ரொம்ப பலமா இழுக்கும், படிகக்கூடு ஆற்றல் பல மடங்கு ஏறிடும். மெக்னீசியம் ஆக்சைடுல அது சுமார் 3,800 கிலோஜூல். அதனாலதான் உப்பு 801 டிகிரி செல்சியஸ்ல உருகிடுது, மெக்னீசியம் ஆக்சைடு 2,800-ஐத் தாண்டியும் அசையாம இருக்கு.

இதுல ஆக்சிஜனோட கதையைத் தனியா சொல்லணும், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. ஆக்சிஜன் ரெண்டு எலக்ட்ரான் வாங்கி ஆக்சைடு ஆகும்னு சின்ன வயசுல இருந்து படிக்கிறோம். முதல் எலக்ட்ரான் வரும்போது 141 கிலோஜூல் லாபம், சரி. ரெண்டாவது எலக்ட்ரான் வரும்போது அங்க ஏற்கனவே ஒரு மைனஸ் உட்கார்ந்திருக்கு, மைனஸ் மைனஸை தள்ளும், அதனால அதை வலுக்கட்டாயமா உள்ள தள்ள 700-க்கு மேல கிலோஜூல் செலவு. அதாவது தனியா விட்டா ஆக்சைடு அயனி நிக்கவே நிக்காது, ரெண்டாவது எலக்ட்ரானை வெளிய துப்பிடும். படிகத்துக்குள்ள சுத்தி பிளஸ் அயனிகள் பிடிச்சுக்கிட்டு இருக்குறதாலதான் அது இருக்கு. ஆக்சிஜன் ரெண்டு வாங்க ஆசைப்படுதுன்னு இனிமே யாராவது சொன்னா இந்த 700-ஐ எடுத்து முன்னாடி வைங்க.

கேள்வி: இரும்பு மட்டும் ஏன் சில சமயம் 2 பிளஸ், சில சமயம் 3 பிளஸ்? மனப்பாடம் பண்ணவே முடியல சார்.

மனப்பாடம் பண்ணாத தம்பி, நம்பரைப் பாரு. இரும்புக்கு வரிசையா 762, 1,562, 2,957, அப்புறம் 5,000-க்கு மேல. சோடியத்துல பார்த்த மாதிரி சட்டுனு 9 மடங்கு எகிறல் எங்கயாவது இருக்கா? இல்ல, படிப்படியா ஏறுது. ஏன்னா இரும்பு முதல்ல நாலாவது கூட்டுல இருக்குற ரெண்டு எலக்ட்ரானை விடும், அதுக்கு அடுத்து விடுறது மூணாவது கூட்டோட டி ஆர்பிட்டால்ல (கூட்டுக்குள்ள எலக்ட்ரான் இருக்குற ஒரு உட்பிரிவு) இருக்குறது, ரெண்டுக்கும் ஆற்றல்ல பெரிய தூரம் இல்ல. அதனால ரெண்டோட நிக்கணுமா மூணு வரைக்கும் போகணுமாங்கிறதை இரும்பு மட்டும் முடிவு பண்றது இல்ல, எதிர்ல யார் இருக்காங்க, தண்ணியா, காத்தா, அமிலமாங்கிறதும் சேர்ந்து முடிவு பண்ணுது. லேசான பச்சை நிறத்துல இருக்குற ரெண்டு பிளஸ் இரும்புக் கரைசலை காத்து பட திறந்து வெச்சா கொஞ்ச நேரத்துல மஞ்சள் கலந்த பழுப்பா மாறும், மூணாவது எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம், எலக்ட்ரானை நிரப்பும்போது நாலாவது கூட்டை முதல்ல நிரப்பிட்டு அப்புறம் டி-க்கு வர்றோம், அதனால எடுக்கும்போது டி-ல இருந்துதான் முதல்ல எடுக்கணும்னு நினைச்சு பரீட்சையில மார்க்கை விடுறவங்க அதிகம். எடுக்கும்போது வெளிக்கூடுதான் முதல்ல போகும்.

கேள்வி: கார்பன் ஏன் 4 பிளஸ்ஸோ 4 மைனஸ்ஸோ ஆகுறதில்ல?

நாலு எலக்ட்ரானையும் பிடுங்க 14,000 கிலோஜூலுக்கு மேல ஆகும். நாலை வாங்கணும்னா ரெண்டாவதுல இருந்தே ஒவ்வொண்ணையும் தள்ளித் தள்ளி உள்ள விடணும். ரெண்டு வழியும் கட்டுப்படியாகாது, அதனால எலக்ட்ரானை மத்த அணுக்களோட பங்கு போட்டுக்குது. ஹைட்ரஜன் இதைவிட விசித்திரம், அதுக்கு இருக்குறதே ஒரு எலக்ட்ரான், அது போச்சுன்னா மிச்சம் வெறும் புரோட்டான், அணுவைவிட பல பத்தாயிரம் மடங்கு சின்னது, அவ்வளவு சின்ன பிளஸ் தனியா எங்கயும் சும்மா இருக்காது, தண்ணியில விழுந்த உடனே ஒரு தண்ணி மூலக்கூறைப் பிடிச்சுக்கிட்டு ஹைட்ரோனியம் ஆயிடும். சோடியம் மாதிரி ஆள் கிடைச்சா ஹைட்ரஜன் எலக்ட்ரானை வாங்கி மைனஸ் ஆகவும் செய்யும், சோடியம் ஹைட்ரைடு அப்படி வந்ததுதான்.

கேள்வி: உப்பை தண்ணியில போட்டா அது அயனியா பிரியுதுன்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சு?

அதுக்கு முன்னாடியும் அயனிதாங்க. தண்ணி அயனியை உருவாக்கல, ஏற்கனவே இருக்குறதை பிரிச்சு விடுது. இந்தத் தெளிவு வர்றதுக்கு விஞ்ஞானிகளுக்கே ரொம்ப காலம் பிடிச்சுது. மைக்கேல் ஃபாரடே 1834-ல அயனிங்கிற பேரைக் கொண்டுவந்தப்போ, கரண்ட் பாயும்போதுதான் பொருள் பிரிஞ்சு அயனி வருதுங்கிறதுதான் எண்ணம். ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884-ல உப்சாலா பல்கலைக்கழகத்துல கொடுத்த ஆய்வுல இருந்து வளர்ந்த கொள்கைதான், கரண்ட் இல்லாமலே கரைசல்ல அயனி இருக்குன்னு அடிச்சு சொன்னது, அந்த ஆய்வுக்கு அங்க ரொம்ப சுமாரான மதிப்பெண்தான் போட்டாங்க, 1903-ல அதே வேலைக்கு நோபல் பரிசு வந்துச்சு. அப்பவும் படிகத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. 1913-ல பிராக்ங்கிற குடும்பப் பேர் கொண்ட விஞ்ஞானிகள், அப்பாவும் பிள்ளையும், எக்ஸ்-ரேயை வெச்சு உப்புப் படிகத்தைப் பார்த்தப்போதான் அங்க சோடியம் குளோரைடுனு தனி மூலக்கூறே கிடையாது, மாறி மாறி அடுக்கு மட்டும்தான்னு தெரிஞ்சுது.

திடமா இருக்குற உப்புல கரண்ட் பாயாது, ஏன்னா அயனி இருக்கு ஆனா நகர முடியாது. தண்ணியே இல்லாம உருக்கினாலும் பாயும். கரைக்கும்போது படிகத்தைப் பிரிக்க 787 வேணும்னு மேல பார்த்தோம், தண்ணி மூலக்கூறுகள் அயனியைச் சுத்தி சூழ்ந்துக்கும்போது கிட்டத்தட்ட அதே அளவு திரும்ப வந்துடும், ஒரு 4 கிலோஜூல்தான் பத்தாம போகும், அதனால கரைசல் லேசா குளிரும். ஆற்றல்ல கொஞ்சம் நஷ்டமானாலும் அயனிகள் தாறுமாறா பரவுறதுக்கு வழி கிடைக்குறதால, அதாவது என்ட்ரோபி ஏறுறதால, கரைஞ்சிடுது.

ஆனா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வேற கேஸ், அது நிஜமாவே மூலக்கூறுதான், தண்ணியில விழுந்த அப்புறம்தான் அயனி உருவாகுது. ரெண்டையும் ஒரே மாதிரி எழுதிடாதீங்க.

கேள்வி: பிளட் ரிப்போர்ட்ல சோடியம், பொட்டாசியம்னு போட்டிருக்கு. சோடியம் தண்ணி பட்டா வெடிக்கும்னு படிச்சிருக்கேன், ரத்தத்துல எப்படி இருக்கு?

பயப்படாதீங்க, அது சோடியம் உலோகம் இல்ல, சோடியம் அயனி. வெடிக்க வைக்குற அந்த எலக்ட்ரான் எப்பவோ போயாச்சு. பெரியவங்களுக்கு ரத்தத்துல ஒரு லிட்டருக்கு 135-ல இருந்து 145 மில்லிமோல் சோடியம் அயனி, 3.5-ல இருந்து 5 வரைக்கும் பொட்டாசியம் அயனி இருக்கணும், லேபுக்கு லேப் லேசா மாறும், உங்க நம்பர் அதுக்கு வெளிய இருந்தா டாக்டரைப் பாருங்க, என்னை இல்ல.

செல்லுக்குள்ள நிலைமை தலைகீழ், அங்க பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி. இந்த வித்தியாசத்தைத் தக்க வைக்க செல் சவ்வுல ஒரு பம்ப் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள எடுக்கும், யென்ஸ் ஸ்கூ 1957-ல கண்டுபிடிச்சது, 1997-ல நோபல் வாங்கினார். நரம்புல சிக்னல் போறதே இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான்.

இதுல ஒரு ஆச்சரியம் கேளுங்க. சோடியம் அயனியோட ஆரம் சுமார் 102 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரை லட்சம் கோடியா பிரிச்சா ஒரு பங்கு), பொட்டாசியத்தோடது 138. ரெண்டுக்கும் ஒரே ஒரு பிளஸ். செல் சவ்வுல பொட்டாசியத்துக்குன்னு ஒரு கால்வாய் இருக்கு, அதுல பெரிய பொட்டாசியம் சர்ருனு போகுது, சின்ன சோடியம் போக மாட்டேங்குது! சின்னதுதானே ஈஸியா நுழையணும்? ரோடெரிக் மெக்கின்னன் குழு 1998-ல அந்தக் கால்வாயோட அமைப்பை எக்ஸ்-ரேயில பார்த்து விடை சொன்னாங்க. அயனி தண்ணியில இருக்கும்போது அதைச் சுத்தி தண்ணி மூலக்கூறுகள் ஒட்டிக்கிட்டு இருக்கும், கால்வாய்க்குள்ள நுழையணும்னா அதையெல்லாம் கழட்டணும், அதுக்கு ஆற்றல் செலவு. கால்வாயோட உள்சுவர்ல இருக்குற ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு சரியான தூரத்துல நின்னு, கழண்ட தண்ணிக்கு பதிலா அதைப் பிடிச்சுக்குது, செலவு ஈடாயிடுது. சோடியம் சின்னது, அந்த ஆக்சிஜன்களுக்கு எட்டாது, அதனால தண்ணியை விட்டுட்டு உள்ள வர்றது அதுக்கு நஷ்டம். மெக்கின்னனுக்கு 2003-ல நோபல். பொட்டாசியம் அயனி ஒரு செகண்டுக்கு பல லட்சம் கணக்குல அந்த வழியா போயிக்கிட்டு இருக்கு.

கேள்வி: அயனி ஆனா சைஸ் மாறுமா?

மாறும், நிறையவே. சோடியம் அணு 186 பிக்கோமீட்டர், அயனி ஆனா 102, ஏன்னா கடைசிக் கூடே காலி. குளோரின் 99-ல இருந்து குளோரைடு ஆகும்போது 181, உட்கருவோட இழுப்பு அதேதான், கூட ஒரு எலக்ட்ரான் வந்து எல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்குது. (குளோரினோட அந்த 99 பிணைப்புல இருக்கும்போது அளந்த ஆரம், அதனால ரெண்டையும் அப்படியே ஒப்பிடுறது முழுசா சரி இல்ல, ஆனா பெருசாகுதுங்கிறதுல சந்தேகம் இல்ல.)

கேள்வி: சோடியம் தண்ணியில வெடிக்குறதுக்கு ஹைட்ரஜன் தீப்பிடிக்குறதுதான் காரணமா?

ரொம்ப நாளா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம். ஆனா அதுல ஒரு ஓட்டை இருந்துச்சு, ஹைட்ரஜனும் ஆவியும் உருவானா அது உலோகத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல புகுந்து ரெண்டையும் பிரிச்சுடணும், வேகம் குறையணும், ஆனா வெடிக்குது. செக் நாட்டோட பிராக் நகரத்துல பாவெல் யுங்விர்த் குழு சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவத் துளியைத் தண்ணியில விட்டு ஹை-ஸ்பீடு கேமராவுல படம் பிடிச்சு 2015-ல முடிவை வெளியிட்டாங்க. துளி தண்ணியைத் தொட்டு ஒரு மில்லிசெகண்டு கூட ஆகல, அதுக்குள்ள அதோட பரப்புல இருந்து முள்ளு முள்ளா உலோகம் வெளிய பாயுது. காரணம் என்னன்னா, மேற்பரப்புல இருக்குற அணுக்களோட எலக்ட்ரான்கள் கண் இமைக்குறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள குதிச்சிடுது, மிச்சம் பக்கத்துப் பக்கத்துல வெறும் பிளஸ் அயனிகள், நடுவுல சமாதானம் பண்ண ஒரு மைனஸ் கூட இல்ல, ஒண்ணை ஒண்ணு பயங்கரமா தள்ளி உலோகமே கிழிஞ்சு வெளிய வருது, கிழிஞ்ச இடத்துல புது உலோகம் தண்ணியைத் தொடுது, மறுபடி அதே. ஹைட்ரஜன் தீப்பிடிக்குறது நிஜம்தான், ஆனா முதல் உதை அயனிகளோடது.

வீட்ல செஞ்சு பார்க்குற விஷயம் இல்ல இது.

கேள்வி: உலோகம் எப்பவும் பிளஸ், மந்த வாயு எப்பவும் ஒண்ணும் ஆகாது. இது மாறவே மாறாத விதியா?

ரெண்டுமே உடைஞ்சாச்சு. நீல் பார்ட்லெட்னு ஒருத்தர், பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறுல இருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குறதைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு அயனியாக்கும் ஆற்றல் 1,165, செனான்ங்கிற மந்த வாயுவுக்கு 1,170. அவர் யோசிச்சது அவ்வளவுதான், இதுல முடியுதுன்னா அதுல ஏன் முடியாது? 1962-ல அதை செனானோட கலந்து பார்த்தார், சிவப்பு வாயு மஞ்சள் திடப்பொருளா மாறுச்சு. பல வருஷமா மந்த வாயு எதோடயும் சேராதுன்னு எழுதி வெச்சிருந்த புத்தகங்களை எல்லாம் ரெண்டு நம்பரை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தே திருத்த வெச்சுட்டார்.

உலோகம் பக்கம், தங்கம் ஒரு எலக்ட்ரானை வாங்கும்போது 223 கிலோஜூல் வருது, ஆக்சிஜனுக்கு வர்ற 141-ஐ விட அதிகம். அதனால சீசியத்தோட சேர்ந்தா தங்கம் மைனஸ் அயனி ஆயிடும், ரெண்டு உலோகம் சேர்ந்து உலோகக் குணமே இல்லாத ஒரு சேர்மம். சோடியத்தையே மைனஸ் ஆக்கினாங்க, ஜேம்ஸ் டை 1974-ல. ஒரு சோடியம் அயனியைக் கூண்டு மாதிரி ஒரு மூலக்கூறுக்குள்ள அடைச்சு வெச்சுட்டா அதால எலக்ட்ரானைத் திரும்ப வாங்க முடியாது, அந்த எலக்ட்ரானை இன்னொரு சோடியம் எடுத்துக்குது. பொன் நிறத்துல படிகம் வந்துச்சு.

கேள்வி: ஒரு அணுவுல இருந்து அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான் போகும்?

கெமிஸ்ட்ரி லேப்ல மூணு, நாலு தாண்டுறதே கஷ்டம். ஆனா 1869 சூரிய கிரகணத்தப்போ சூரியனோட கரோனாவுல (அதோட வெளி வளிமண்டலம்) வந்த ஒளியைப் பிரிச்சுப் பார்த்தப்போ 530.3 நானோமீட்டர் அலைநீளத்துல ஒரு பச்சைக் கோடு தெரிஞ்சுது, தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் ஒத்துப்போகல, கொரோனியம்னு புதுத் தனிமம்னே முடிவு கட்டிட்டாங்க. 1940 வாக்குல க்ரோட்ரியன், எட்லேன்ங்கிற விஞ்ஞானிகள் ரெண்டு பேரோட வேலையால தெரிஞ்சுது, அது நம்ம இரும்புதான், ஆனா இருக்குற 26-ல 13 எலக்ட்ரானைத் தொலைச்ச இரும்பு. அவ்வளவு செலவைத் தாங்க பத்து லட்சம் டிகிரிக்கு மேல சூடு வேணும், கரோனா அவ்வளவு சூடா இருக்குங்கிறதே அதை வெச்சுத்தான் புரிஞ்சுது.

கேள்வி: நெகட்டிவ் அயன் பிரேஸ்லெட் போட்டா உடம்புக்கு நல்லதுன்னு ஒரு ஃப்ரெண்ட் கொடுத்தாங்க. போடலாமா?

போடாதீங்க. ஒரு பொருள் கையில சும்மா இருந்துக்கிட்டே அயனியை உண்டாக்கணும்னா அதுக்கு ஆற்றல் எங்க இருந்து வருது? பேட்டரி இல்ல, பிளக் இல்ல. இந்த மாதிரி சில பொருட்கள்ல தோரியமோ யுரேனியமோ கலந்த தாதுப் பொடி இருக்கு, அதோட கதிர்வீச்சு காத்துல இருக்குற மூலக்கூறுகள்ல இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்குது, அதைத்தான் நெகட்டிவ் அயன்னு விக்குறாங்க. அதே கதிர்வீச்சு உங்க தோலையும் சும்மா விடாது. நெதர்லாந்தோட அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பர்ல இப்படிப்பட்ட 10 பொருட்களைப் பேர் சொல்லி எச்சரிச்சுது, அதுல குழந்தைகள் போடுற பிரேஸ்லெட்டும் ஒண்ணு.

எல்லா பிரேஸ்லெட்டும் அப்படின்னு சொல்லல, பலதுல ஒண்ணுமே இருக்காது, வெறும் ரப்பர். அதுல ஒண்ணும் இல்லன்னா பிரயோஜனம் இல்ல, ஏதாவது இருந்தா ஆபத்து. கழட்டி ஒரு கவர்ல போட்டு குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வெச்சுட்டு, உங்க நாட்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு இதுக்கு என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க. உடைச்சுப் பார்க்காதீங்க, பொடி மூக்குல போனா இன்னும் மோசம்.